பீப்பாவுக்குள் போளைகள்

போன கிழமை பக்கத்து வீட்டில் பழைய மரப்பீப்பா ஒன்றைப் பாதியாக அறுத்து, மண் நிரப்பி, ரோசா நட்டார்கள். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் ஊற்றியதும் ஈர மரத்திலிருந்து ஒரு மணம் கிளம்பியது பாருங்கள், சாராயமும் புளிப்பும் கருகிய சீனியும் கலந்த மாதிரி. வேலியடியில் நின்றவள் அப்படியே உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டேன். அந்த மணத்தைக் கடைசியாக முகர்ந்தது சண்டிலிப்பாயில், குகன் வீட்டுக் கொட்டிலில்.

அப்போது எனக்கு விவசாயக் கந்தோரில் புது உத்தியோகம். ஒரு சைக்கிள், ஒரு தொப்பி, ஒரு கொப்பி. முந்திரிகைத் தோட்டங்களைப் பார்ப்பது என் வேலை. திராட்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம். அப்படியொரு தோட்டக்காரரான குகனுக்கு என் வயதுதான் இருக்கும். மனைவி மேகலா தொண்டைமானாற்றுக் கடல்காரர் வீட்டுப் பிள்ளை. அந்த முறை பழுக்கிற நேரம் பார்த்து மழை பெய்து குலையெல்லாம் வெடித்துவிட்டது. "வைன் போட்டுப் பாருங்கோவன்" என்று சொன்னது நான்தான். அதற்கு அனுமதி வேண்டும் என்பது அரசாங்க உத்தியோகத்தரான எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

என்னுடையது புத்தக அறிவு. அந்தப் புத்தகத்தில் பாத்திரத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கலியாண வீட்டுக்குச் சோறு காய்ச்சுகிற அலுமினியக் கிடாரத்தில் போடச் சொன்னேன். பழத்தின் புளிப்பு கிடாரத்தை அரித்து, வாயில் வைத்தால் ஆணியைச் சப்பியது போல இருந்தது. குகன் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், உங்கடை புத்தகத்தையும் ஒருக்கா உதுக்கை ஊறப் போடுவமோ?"

அடுத்த முறை அவர் தன் எண்ணப்படி செய்தார். நொதிக்க மண்பானை. சித்திரை வெக்கையிலும் பானை வேர்த்து வேர்த்துச் சாற்றைக் குளிராக வைத்திருந்தது. நுரை அடங்கியதும் பாதியை நாலு கண்ணாடிச் சாடிகளில் வாய்முட்ட விட்டு மெழுகால் அடைத்தார். மீதி, மேகலாவின் தகப்பன் எங்கேயோ தேடி ட்ராக்டரில் கொண்டுவந்து இறக்கிய சாராயப் பீப்பாவுக்குள் போனது. சில மாதம் கழித்து மூன்று பேரும் இரண்டையும் ருசி பார்த்தோம். (நான் குடித்தது இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.) சாடி வைன் அடைத்த அன்றிருந்த பழமாகவே, கூராக, சிவப்பாக இருந்தது. பீப்பா வைன் நிறம் மங்கி, புளிப்புத் தணிந்து, விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்று மணத்தது.

"கண்ணாடி விட்டதை விட்டபடி வைச்சிருக்கும் மிஸ். மரம் அப்பிடியில்லை, தானும் குடிக்கும்" என்றார் குகன்.

உண்மைதான். மரத்தினூடே ஊறி ஆவியாகி, பீப்பாவில் மட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே வெறுமை விழுந்தால் காற்றுப்பட்டு எல்லாம் புளித்து வினாகிரியாகிவிடும். அதனால் ஞாயிறு தோறும் சாடியில் எடுத்துப் பீப்பாவை நிரப்புவார். சாடியில் மிஞ்சுவதைச் சின்னப் போத்தல்களுக்கு மாற்றி அடைப்பார்.

பிறகு மறுபடி சண்டை மூண்டு பாதை மூடியது. ஒருநாள் காலை, கொடிக்கு அடிக்கக் கந்தகத்தூள் வாங்க உடுவில் பக்கம் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. சைக்கிள் ஒரு மதிலோடு சாத்தியபடி நின்றது. பூட்டியிருந்தது. திறப்பு அவரிடம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது: மூன்று கிழமை நான் குகன் வீட்டு ஒழுங்கைப் பக்கமே போகவில்லை. பயம். கடைசியில் போனபோது மேகலா கொட்டிலில் புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கோ அக்கா. இண்டைக்கு ஞாயிறெல்லோ."

முகாம், பொலிஸ் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியிருந்தாள். ஓரிடத்திலும் "ஓம், இங்கைதான்" என்று சொல்லவில்லை. அதன்பின் ஞாயிறுகளில் நானும் போனேன்.

சாடி நாலும் முடிந்தன. பீப்பாவில் இருப்பதைப் போத்தல்களில் நிரப்பி அடைத்தால் பழுதாகாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"வேண்டாம் அக்கா. அவர் வந்து தட்டிப் பாக்கேக்கை வெறும் பீப்பாச் சத்தம் கேக்கக்கூடாது."

மட்டத்தை உயர்த்த எனக்குத் தெரிந்த ஒரே வழி போளை, பெடியள் விளையாடுகிற கண்ணாடிக் குண்டு. கண்ணாடி வைனை ஒன்றும் செய்யாது. கடைக்காரர் பை நிறையப் போட்டுத் தந்தபடி, "வீட்டிலை எத்தினை பெடியள், பிள்ளை?" என்று கேட்டார். ஒருவருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று என்றேன். போளைகளை அவித்து, காயவைத்து, இருவருமாக ஒவ்வொன்றாகப் பீப்பாவின் வாய்க்குள் விட்டோம். வைனுக்குள் அமிழ்ந்து அடியில் மெல்ல மோதும் சத்தத்தை மேகலா பலகையில் காதை வைத்துக் கேட்டாள். இப்போதும் ஒழுங்கையில் பெடியள் போளை அடித்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

மாரி வரை தாங்கியது. தகப்பன் அவளைக் கூட்டிப்போக வந்த அன்று திறந்தோம். வினாகிரி. மேகலா ஒரு மிடறு எடுத்து, முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

"நான்தான் வடிவாப் பாக்கேல்லை."

"இல்லை மேகலா, மரம் அப்பிடித்தான்" என்றேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

இப்போதும் தொண்டைமானாற்றில்தான் இருக்கிறாள். அங்கே சந்நிதி கோயிலுக்குப் போனால் எட்டிப் பார்ப்பேன். குகன் "இருக்கிறார்" என்றே கதைப்பாள்.

ஒன்றை மட்டும் அவளுக்கு நான் சொன்னதில்லை. குகன் காணாமல்போன அந்த வருடத்தின் கடைசியில் முந்திரிகைச் செய்கையாளர் பதிவேட்டை நான்தான் புதுப்பித்தேன். நின்றுபோன தோட்டங்களுக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. சண்டிலிப்பாய்ப் பட்டியலில் முதலாவதாக இருந்த குகனின் பெயருக்கு நேரே பேனையோடு கனநேரம் இருந்தேன். உண்மையை எழுதினால் யார் வந்து கேட்பார்களோ என்ற பயத்தில் "சுயவிருப்பில் கைவிட்டார்" என்று எழுதினேன்.

அதைத் திருத்திவிட வேண்டும் என்று போன வருடம் பழைய கந்தோருக்குப் போனேன். "பழைய பதிவேடெல்லாம் கறையான் அரிச்சு எரிச்சாச்சு மிஸ். எல்லாம் கொம்பியூட்டரிலைதான்" என்றான் அங்கிருந்த தம்பி. சண்டிலிப்பாய்ப் பட்டியலைத் திரையில் எடுத்தும் காட்டினான். கைவிட்டவர்களை ஏற்றவில்லையாம். பட்டியல், குகனுக்குக் கீழே இருந்தவரின் பெயரில் தொடங்கியது.