இழுக்காத விசை

ஊரில், யாரோ கொடுத்த கைத்துப்பாக்கியால் அண்ணா தன் சிநேகிதனைச் சுட்டுவிட்டார். "நான் விசையை இழுக்கேல்லையடா, அது தானா வெடிச்சது" என்று அழுதார். நான் நம்பவில்லை. அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் வெளிநாட்டில், லாங்கன்தால் என்ற நகரில், துப்பாக்கி திருத்தும் பட்டறையொன்றில் எனக்கு வேலை. மலிவாக இறக்குமதியான கைத்துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளர் கொண்டுவந்தார். அதன் முரட்டு விசையை இலகுவாக்க, உள்ளே, குண்டை அடிக்கும் சுத்தியலைத் தடுத்துப் பிடிக்கும் கொக்கியை அரத்தால் தேய்த்தேன். சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டேன் போலும். குண்டு போடாமல் பாகங்களைப் பூட்டி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்துவைத்து, சுவரை நோக்கிப் பிடித்தேன். விரல் விசையில் பட்டதுதான். இழுக்க நினைக்கவேயில்லை. 'டிக்' என்று சுத்தியல் விழுந்தது.

"நான் இழுக்கேல்லை" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அண்ணாவின் குரல்.

பக்கத்தில் நின்ற முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நம்பியவர்போலத் தலையாட்டினார். அவ்வளவைக்கூட நான் அண்ணாவுக்குச் செய்யவில்லை.