சொல்லாமல் போனவரின் பங்கு

அஞ்சலீனா படித்தது ஐந்தாம் வகுப்புவரை. தன் ஊரான பேசாலையில் அதற்கு மேல் படிக்க முதலில் வீட்டு நிலைமை விடவில்லை, பிறகு நாட்டு நிலைமை விடவில்லை. செபப்புத்தகம் வாசிப்பாள். மருந்துப் போத்தலில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் பார்ப்பாள். மற்றப்படி அவளுடைய அறிவெல்லாம் காதால் வந்ததுதான். மெல்பேர்னுக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் பதினேழு வருடம் மல்கிரேவில் ஒரு முதியோர் இல்லத்தின் துணி துவைக்கும் பகுதியில் கழிந்தது. அங்கே ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் சொந்தக்காரரின் பெயர் ஒட்டியிருக்கும். ஒருவர் இறந்துபோனால் அந்தப் பெயருள்ள உடுப்புகளை மடித்துப் பையில் போட்டு வைப்பது அவள் வேலை. சிலவேளை பிள்ளைகள் வந்து எடுத்துப் போவார்கள். பலவேளை, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள். அஞ்சலீனா அந்தப் பையின்மேல் சிலுவை போட்டு, ஒரு பரலோக மந்திரம் சொல்லித்தான் அனுப்புவாள்.

ஊரார் உடுப்பை இப்படி அனுப்பத் தெரிந்தவளுக்கு ரோவிலில் தன் வீட்டுக் கராஜைத் திறக்க மனம் வரவில்லை.

அவளுடைய கணவர் டெஸ்மன்ட் டைல்ஸ் பதிப்பவர். போன வருடம் பங்குனியில், பக்கன்ஹாமில் யாரோ ஒருவரின் குளியலறையில் வேலை செய்துகொண்டிருந்தவர், மாரடைப்பு வந்து அந்த இடத்திலேயே போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயது. வேதனைப்படாமல் போனார், நல்ல சாவு என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவளோ சின்ன வயதிலிருந்தே பிரார்த்தனையில், திடீர் மரணத்திலிருந்து எங்களைக் காத்தருளும் என்று மன்றாடி வளர்ந்தவள். குருவானவர் இல்லை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இல்லை, வாயால் ஒரு சொல் இல்லை. அவருடைய ஆத்துமம் எப்படிப் போயிருக்கும் என்ற பயம் அவளைவிட்டுப் போகவேயில்லை.

உயிலும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் உங்களுக்குத்தான் என்று சட்டத்தரணி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். ஆனால் கராஜில் நின்ற வெள்ளை வான் வண்டியும், டைல்ஸைத் தண்ணீர் விட்டு வெட்டும் மெஷினும், பூச்சுக் கரண்டிகளும் வாளிகளும் தன்னுடையவை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

டெஸ்மன்டின் தம்பி எறிக்கும் அதே தொழில். அண்ணன்தான் கூப்பிட்டுப் பழக்கினவர். அவன் அந்த வானையும் மெஷினையும் மூன்று தரம் கேட்டுவிட்டான். முதல் தரம் தலையைக் குனிந்துகொண்டு. இரண்டாம் தரம், தன்னுடைய மெஷின் பழுதென்று. மூன்றாம் தரம் தேத்தண்ணி குடித்தபடி கேட்டான்.

“ஏன் அண்ணி, அண்ணா மோட்சத்திலயும் டைல்ஸ் பதிக்கிறாரோ? வந்து எடுத்துக்கொண்டு போகப் போறாரோ?”

“அவர் உமக்கெண்டு ஒண்டும் சொல்லேல்லை எறிக். சொல்லாததை நான் எப்பிடித் தாறது?”

எறிக் கோப்பையை வைத்துவிட்டு, போட்டு வாறன் என்று எழும்பிப் போனான். மூன்று மாதமாக அந்தப் பக்கம் வரவில்லை. அண்ணனை அல்ல, அண்ணனின் வானைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று அஞ்சலீனாவும் மனதுக்குள் ஒரு கசப்பை வைத்துக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, சட்டம் படிக்கும் மகள் ஜெனோஜா கையில் சின்னச் சின்ன அட்டைகளோடு குசினிக்குள் வந்தாள். மத்திய கால ஐரோப்பாவில் உயிலும் சொத்துரிமையும் எப்படி இருந்தன என்று வகுப்பில் பத்து நிமிடம் பேசவேண்டுமாம். சட்டம் தெரியாத ஒருவருக்கு விளங்கும்படி சொல்லிப் பழகுங்கள் என்று விரிவுரையாளர் சொன்னாராம்.

“உனக்கு வேற ஆள் கிடைக்கேல்லையோ?”

“நீங்கள்தான் பேர்ஃபெக்ட் அம்மா. உங்களுக்கு ஒண்டுமே தெரியாது.”

அஞ்சலீனா சிரித்துக்கொண்டு கணவாய் மீனைத் துப்புரவாக்கினாள். ஜெனோஜா கதிரையில் இருந்து வாசித்தாள். இங்கிலாந்தில் அந்தக் காலம் நிலத்தை உயிலில் எழுத இயலாதாம், அது அனேகமாக மூத்த மகனுக்கே போகுமாம். ஆடு மாடு, பானை சட்டி, கட்டில், உடுப்பு இவற்றைத்தான் எழுதலாம். பல இடங்களில் அதையும் மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு மனைவிக்கு, ஒரு பங்கு பிள்ளைகளுக்கு, மூன்றாவது செத்தவருக்கே.

“செத்தவருக்கோ?”

“ஓம். அவற்ற ஆன்மாவுக்காகக் குடுக்கிற பங்கு.”

கத்தி நின்றுவிட்டது. செத்துப்போனவனையும் வீட்டில் ஒருவனாக எண்ணி, அவனுக்கும் ஒரு கோப்பை வைத்த சட்டம் ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறதே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிறகு வந்ததெல்லாம் அதைவிட அதிசயம். உயிலை அரசனின் மன்றமல்ல, குருக்களுக்குத் தலைவரான ஆயரின் மன்றம்தான் பார்த்ததாம். படுக்கையில் கிடப்பவர் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் நேரத்திலேயே, இரண்டு பேர் கேட்டு நிற்க, வாயால் சொன்னால் போதும். எழுத்து வாசனை தேவையில்லை. ஒருத்தி தன் இரண்டாவது நல்ல சட்டையை வேலைக்காரிக்குச் சொல்லுவாள். ஒருவன் கோயிலில் மெழுகுதிரி அணையாமல் எரிய ஒரு பசுவை விட்டுப்போவான். மெழுகுக்கென்று தேன்கூடுகளை விட்டவர்களும் உண்டாம். நான் யாருக்காவது அநியாயம் செய்திருந்தால் என் பங்கிலிருந்து அதைச் சரிசெய்யுங்கள் என்று சொல்லிக் கண்மூடியவர்களும் உண்டாம்.

அஞ்சலீனா கத்தியைக் கீழே வைத்தாள். தன்னைப்போலக் கையெழுத்து வைக்கக் கைநடுங்கும் சனங்கள் சொன்ன சொல்லை யாரோ எழுதி, யாரோ காத்து, இத்தனை நூறு வருடம் கழித்துத் தன் பிள்ளை இந்தக் குசினியில் வாசிக்கிறாள். கடவுளே, எவ்வளவு பெரிய காரியம்.

ஜெனோஜா அடுத்த அட்டையை எடுத்தாள். உயில் சொல்லாமல் சாவதை அந்தச் சனங்கள் பெரிய கேடாக நினைத்தார்கள். பாவசங்கீர்த்தனம் இல்லாமல் செத்ததற்கு அது சமம். சில ஊர்களில் அப்படிப்பட்டவரைக் கோயில் மண்ணில் அடக்கவும் தயங்கினார்கள். வாசித்துக்கொண்டு போனவள், தண்ணீர்க்குழாய் திறந்தபடியே ஓடுவதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தாள். தாயின் முகம் வெளிறிப்போயிருந்தது.

“அம்மா, சொறி. நான் யோசிக்கேல்லை. இது பழைய கதை.”

“மிச்சத்தையும் வாசி பிள்ளை.”

மிச்சம் இதுதான். ஆயிரத்து நூறாம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் அரசன் முடிசூடியபோது பிரபுக்களுக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொடுத்தான். சண்டையாலோ நோயாலோ ஒருவன் தன் உடைமையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் செத்துவிட்டால், அவனுடைய மனைவியோ பிள்ளைகளோ உறவினரோ, அவனுடைய ஆட்களோடு சேர்ந்து, அவனுடைய ஆன்மாவுக்கு எது நல்லதென்று தங்களுக்குத் தோன்றுகிறதோ அப்படி அதைப் பங்கிடலாம். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதேமாதிரி ஓர் உரிமை மற்றச் சனங்களுக்கும் கிடைத்தது.

அஞ்சலீனா அதை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். சொல்லாமல் போனவனுக்காக மற்றவர்கள் சொல்லலாம். ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னமே, வாய் திறக்க நேரமில்லாமல் போன ஒருவனை யாரோ நினைத்துப் பார்த்து, அவனுக்கென்று ஒரு வாசலைத் திறந்து விட்டிருக்கிறார்கள்.

“அம்மா, இஞ்ச அது சட்டமில்லை. லீகலா எல்லாம் உங்களுடையது.”

“தெரியும். இந்தச் சட்டம் எனக்குத் தந்தது. அந்த ராசா உன்ர அப்பாவுக்கெல்லோ எழுதி வைச்சிருக்கிறான்.” கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “சித்தப்பாவுக்குப் போன் எடு. உறவினர் எண்டும் அதில இருக்குதெல்லோ. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் செய்யேலாது.”

அடுத்த நாள் பூசை முடிந்தபின் தமிழ்ப் பங்குக்குருவிடம், இப்படிப் பங்கிடலாமா என்று கேட்டாள். அது அந்தக் காலத்து வழக்கம், கடவுளின் இரக்கம் கடதாசியில் தொங்கிக்கொண்டிருப்பதில்லை என்றார் அவர். ஆனாலும் செய்யுங்கோ, நல்ல காரியம் என்றார்.

மத்தியானம் எறிக் வந்தான். வானைத் தரத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து வந்தது முகத்தில் தெரிந்தது. ஜெனோஜா அட்டையை வாசித்து, தமிழில் விளங்கப்படுத்தினாள். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தாள். அஞ்சலீனா, உடுப்பெல்லாம் ஏழைகளுக்கு என்றாள். வருடத்துக்கு இரண்டு பூசை என்றாள். அப்பாவின் ரேடியோவை அவரோடு வேலை செய்த வியட்நாம்காரருக்குக் கொடுப்போம் என்றாள் ஜெனோஜா.

“இப்ப நீர் சொல்லும் எறிக். உமக்கு என்ன வேணுமெண்டு இல்லை. அவற்ற ஆத்துமத்துக்கு எது நல்லமெண்டு.”

எறிக் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். வான் என்று அவன் சொல்லவில்லை.

“நான் ஒண்டு செய்தனான் அண்ணி. உங்களுக்குச் சொல்லேல்லை.”

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், சாமான்களை எடுத்து வரப் பக்கன்ஹாமுக்குப் போனானாம். ஒரு சுவரும் அரைவாசித் தரையும் பதிக்காமல் கிடந்தன. வேறு ஆளைப் பிடிக்கிறேன், நீ போ ராசா என்று வீட்டுக்காரக் கிழவி அழுதாளாம். அண்ணா வேலையை அரைகுறையாக விட்டுப் போகிறவரில்லை என்று சொல்லி, அவருடைய மெஷினாலேயே நான்கு நாளில் அதை முடித்துக் கொடுத்தான். ஒன்றும் வாங்கவில்லை. பிறகு மெஷினைக் கழுவி, தானே கொண்டுவந்து கராஜில் வைத்தான்.

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது? அண்ணா முழங்கால் வைச்ச தடம் தூசியில அப்பிடியே கிடந்தது. அதைத் துடைச்சாத்தான் பசை பிடிக்கும். துடைக்கிறதோ விடுறதோ எண்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில இருந்தன். பிறகு ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிப்போட்டுத் துடைச்சன்.”

ஜெனோஜா பேனையை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினான்கு மாதம், அவருக்காக ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் செய்யவில்லை என்று அஞ்சலீனா பயந்துகொண்டு கிடந்தாள். அவரை மண்ணில் வைத்த அந்தக் கிழமையே, எந்த அரசனுடைய பத்திரத்தையும் கேள்விப்படாத இவன், அவர் விழுந்த இடத்தில் முழங்காலில் நின்று அதைச் செய்து முடித்திருக்கிறான்.

“டைல்ஸ் என்ன நிறம்?” என்று கேட்டாள்.

“வெள்ளை. ஓரத்தில ஒரு நீலக் கோடு.”

“கோடு நேரா வந்ததோ?”

“வந்தது அண்ணி. அண்ணா பார்த்தாலும் பிழை சொல்லமாட்டார்.”

“அதை அவற்ற பங்கில எழுது பிள்ளை,” என்றாள் அஞ்சலீனா. “பிறகு, வானும் மெஷினும் எறிக்குக்கு எண்டு எழுது.”