இடது ஓரத்துச் சிவப்புக் கோடு

தட்டின் வலப்பக்கத்துச் சோற்றைத் தின்றுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்று கேட்டேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு என்னைப் பார்க்க வந்திருந்த மருமகள் செல்வி, தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். இடப்பக்கத்துச் சோறு அப்படியே இருந்ததாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. கையும் காலும் சீக்கிரமே தேறின. ஆனால் 'ஒருபக்கப் புறக்கணிப்பு' (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுவது) இருக்கிறது என்றார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இது வந்திருந்தால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பக்கம் இருட்டாகத் தெரியாது. அப்படியொரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே வராது. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிப்பவள். இதையும் நான் சொல்லச் சொல்லச் செல்விதான் எழுதுகிறாள். ஆனால் முப்பது வருஷம் மண்டியில் மல்லாட்டைப் பருப்பு, அதாவது நிலக்கடலை, பொறுக்கியவள். முறத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் சொத்தை தானாக என் கண்ணில் படும். அவர் போன பிறகும் தனியாக இருந்து என் அடுப்பில் பொங்கித் தின்றவள். ஆஸ்பத்திரியிலிருந்து விழுப்புரத்தில் மகன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்கள். அங்கே உட்கார்ந்து தின்பது எனக்கு முள்ளாகக் குத்தியது.

டாக்டரம்மா ஒரு தாளை வைத்தார். "இதுல இருக்கிற நட்சத்திரத்தை எல்லாம் அடிங்கம்மா. முழுசா அடிச்சாதான் தனியா அடுப்புப் பத்த வைக்க விடுவேன்."

முதல் மாதம் பாதித் தாள்தான். இரண்டாம் மாதம் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். "அடுத்த தடவையும் இப்படி அடிச்சா ஊருக்குப் போலாம்" என்றார்.

செல்வி கம்ப்யூட்டரில் தரைக்கும் திரைச்சீலைக்கும் டிசைன் போடுகிறவள். அப்போது டேப்லெட்டில் ஒரு படம் செய்துகொண்டிருந்தாள். பதிமூன்று ஓரம் உள்ள ஒரே வடிவம். எனக்கு அது கசங்கிய சட்டையாகத் தெரிந்தது. இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் எவ்வளவு தூரம் போனாலும் மொத்த அடுக்கும் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வராது.

"அத்தை, நீங்க ஒரு பக்கம் பாத்துட்டு மீதியும் இப்படித்தான்னு வுட்டுடறீங்க. இதுல அது நடக்காது. ஒவ்வொண்ணையும் பாத்துதான் வைக்கணும்."

"சட்டை அடுக்கறதுக்கு இவ்ளோ பீத்தலா? குடு இங்க."

விரலால் இழுத்து வைத்தேன். சிலதை மட்டும் சட்டையை உல்டா பண்ணுவது போலப் புரட்டி வைக்க வேண்டும். தப்பாக வைத்தால் உடனே தெரியாது. பத்துப் பதினைந்து தள்ளி, எதுவும் நுழையாத ஓட்டை ஒன்று விழும். அழித்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். என் தலைக்குள்ளும் இப்படி ஒரு ஓட்டை இருக்க, தெரியாமல் மேலே மேலே அடுக்கிக்கொண்டிருக்கிறேனோ?

நாலாம் நாள் "முடிஞ்சிடுச்சு" என்று நீட்டினேன். செல்வி கண்ணாடியில் தெரிவது போலப் படத்தை இடம் வலமாக மாற்றிக் காட்டினாள். பாதிப் படம் வெறும் வெள்ளை.

"யாருடி அழிச்சது?"

"யாரும் அழிக்கல அத்தை. ஆஸ்பத்திரியில தாளை முறம் மாதிரி சுத்திக்கினே அடிச்சீங்க, நான் பாத்தேன். இது எப்படிச் சுத்தினாலும் படம் நேரா நின்னுக்குது. அதான் மாட்டிக்கினீங்க."

டேப்லெட்டை அவள் பக்கமே தள்ளிவிட்டேன்.

மறுநாள் அவள் திரையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள். கோடு கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்ப வேண்டும். அதன்பிறகே அடுத்த சட்டை.

மூன்றாம் மாதம் டாக்டரம்மா தாளை வைத்ததும் என் கை அதைச் சுற்றப் போயிற்று. சுற்றினால் திண்டிவனம் போய்விடலாம். ஆனால் அடுப்பைச் சுற்ற முடியாதே.

"டாக்டரம்மா, போன தடவ தாளைச் சுத்திட்டேன். இதை மேசையில ஒட்டிடுங்க."

சிரித்துக்கொண்டே பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். ஐந்து நட்சத்திரம் விட்டுப்போயிற்று. "இன்னும் ரெண்டு மாசம் இருங்கம்மா" என்றார். இருந்தேன். வெள்ளையாகக் கிடந்த பாதியில் சட்டைகளை அடுக்கினேன். மல்லாட்டைத் தோல் நிறம் கொடுத்தேன், புரட்டியவற்றுக்கு மட்டும் மஞ்சள். கடைசிச் சட்டை சிவப்புக் கோட்டைத் தொட்டபோது செல்வியைக் கூப்பிட்டு மறுபடி மாற்றிக் காட்டச் சொன்னேன். ஓட்டை இல்லை. அந்த ரெண்டு மாசம் கழித்து, ஒட்டிவைத்த தாளிலும் ஒன்றுதான் விட்டுப்போனது. "அடுப்புல சிவப்பு டேப் ஒட்டிக்கிட்டா ஊருக்குப் போலாம்" என்றார் டாக்டரம்மா.

இப்போது திண்டிவனத்தில் இருக்கிறேன். அடுப்பின் இடது ஓரத்திலும் வாசல் நிலையிலும் சிவப்பு டேப். ஒரு பார்வையில் முடிந்த அறைக்கு இப்போது இரண்டு பார்வை வேண்டும். அரைமணி வேலை ஒரு மணியாகிறது. ஆகட்டும்.

தட்டில் மட்டும் டேப் ஒட்டவில்லை. முடிந்தது என்று கை கழுவ எழுந்திருப்பேன். சந்தேகம் வந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்புவேன். பாதி நாள் அங்கே சோறு இருக்கும், ஆறிப்போய். அதையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.