சாமான் வைக்கிற அலுமாரி

சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது.

பயப்படாதீர்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. களவும் போகவில்லை. லண்டன் மோர்டனில் எங்கள் தெரு அப்படிப்பட்ட தெருவும் இல்லை. வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். சீருடை இல்லை, கழுத்தில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது. சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

என்ன விஷயம் என்று மருமகள் ரெஜினாவைக் கேட்டேன். கண்ணால் கணவனைக் காட்டினாள். மகன் யூட்டைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான். ஐம்பது வயது தாண்டியவன், பெரிய கம்பனியில் கணக்குப் பார்க்கிறவன். ஆனால் தாய் முறைத்தால் சுவரைப் பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

"லைசன்ஸ் விஷயம் அம்மா" என்றான்.

"கார் லைசன்ஸுக்கு ஆரடா வீட்டை வாறது?"

"கார் இல்லை..." குரல் உள்ளே போய்விட்டது. "துவக்கு."

எனக்குக் காது கொஞ்சம் மந்தம்தான். ஆனால் துவக்கு, துப்பாக்கி, எந்தப் பெயரில் சொன்னாலும் இந்தச் சொல் மட்டும் எந்தக் காதுக்கும் கேட்கும்.

விஷயம் இதுதான். இவனுடைய மேலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டனுக்கு வெளியே ஒரு கிளப்புக்குப் போவாராம். அங்கே ஒரு மெஷின் மண் தட்டுகளை ஆகாயத்தில் எறியும். இவர்கள் சுட்டு உடைப்பார்கள். தட்டு உடைப்பதற்கு எங்கள் சமையலறை போதாதா? சரி, அது அவர்கள் விளையாட்டு. இவனும் நாலைந்து முறை போயிருக்கிறான். குறி நன்றாக விழுகிறதாம். மேலாளர் முதுகில் தட்டிக் கொடுத்தாராம். உடனே ஐயாவுக்குச் சொந்தமாக ஒரு துவக்கு வேண்டும் என்று ஆசை.

இந்த நாட்டில் அது கத்தரிக்காய் வாங்குகிற மாதிரி இல்லை. டொக்டரைக் கேட்பார்கள். தெரிந்தவரைக் கேட்பார்கள். பிறகு வீட்டுக்கே வந்து, எங்கே வைப்பாய், எப்படிப் பூட்டுவாய் என்று பார்ப்பார்கள். இரும்பு அலுமாரி ஒன்று சுவரோடு சேர்த்துப் பொருத்தியிருக்க வேண்டும். திறப்பு, அதாவது சாவி, லைசன்ஸ்காரனிடம் மட்டும்தான். அது எங்கே இருக்கிறது என்றுகூட வேறு யாருக்கும் தெரியக் கூடாதாம், கட்டிய மனைவி உட்பட.

அந்த அலுமாரியை இவன் முன்கூட்டியே வாங்கிப் படிக்குக் கீழே சுவரில் பொருத்திவிட்டான். துளைபோடும் சத்தம் கேட்டு, "இதென்னடா?" என்று நான் கேட்டதும் உண்மை. அவன் பதில் சொன்னதும் உண்மை.

"சாமான் வைக்கிற அலுமாரி அம்மா."

பொய் சொன்னான் என்று சொல்ல முடியாது. சாமான் என்றால் எனக்குக் கடைச் சாமான். மா, தூள், பருப்பு, கருவாடு. ஆனால் சண்டைக்காலத்தில் எங்கள் பக்கத்துப் பெடியள் துவக்கையும் சாமான் என்றுதான் சொல்வார்கள். "சாமானோட வாறாங்கள்" என்றால் தெரு காலியாகிவிடும். அவன் அந்தச் சாமானைச் சொன்னான். நான் இந்தச் சாமானை விளங்கிக்கொண்டேன்.

எனக்கோ ஒரே பெருமை. சமையலறையில் இடமில்லாமல் தாய் படுகிற பாட்டைப் பார்த்து, மகன் இரும்பிலேயே அலுமாரி வாங்கித் தந்துவிட்டானே! பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்லியும் விட்டேன்.

திறப்பு? எங்கள் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஆணி வரிசை ஒன்று இருக்கிறது. வாசல் திறப்பு, கார்த் திறப்பு, சூட்கேஸ் திறப்பு... எல்லாம் அங்கேதான் தொங்கும். வருகிறவர்கள் கைகழுவப் போகும்போதே கண்ணில் படும். அவனும் பழக்கதோஷத்தில் புதுத் திறப்பையும் அங்கேயே கொண்டுபோய்க் கொழுவிவிட்டான். இனியென்ன? ஊரிலிருந்து வந்ததெல்லாம் அலுமாரிக்குள் ஏறியது.

பொலிஸ்காரி அலுமாரியைக் காட்டச் சொன்னாள். யூட் திறந்தான்.

முதலில் வந்தது கருவாட்டு மணம். அடுத்தது பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாப் பை. மேல்தட்டில் சாய்ந்து நின்றது, கதவோடு சேர்ந்து வந்து அவளுடைய கறுப்புக் காற்சட்டையில் கொட்டியது. பின்னால் மிளகாய்த்தூள் போத்தல்கள் பட்டாளம் மாதிரி வரிசையாக நின்றன.

யாருடையது என்று கேட்டாள்.

"மைன்" என்றேன். ஏன் சொல்லக்கூடாது? என்னுடையதுதானே?

திறப்பு எங்கே இருந்தது என்று கேட்டாள். ரெஜினா மாதா படத்தைக் காட்டினாள். அந்தப் பெண் மாதாவைப் பார்த்தாள், யூட்டைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியது எனக்குத் தெரிந்தது. யூட்டின் காது இரண்டும் சிவந்துவிட்டன. இப்போது விளங்கிவிட்டது, எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன் என்று இங்கிலிஷில் விழுந்து விழுந்து சொன்னான்.

அவள் தலையாட்டிவிட்டு, மாவைத் தட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் ஒரு துவக்கு இருப்பது பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று என்னைக் கேட்டாள். யூட் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

எழுபத்தெட்டு வயதாகிறது எனக்கு. துவக்கைப் பற்றி என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் துவக்கோடு வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கட்சி, இந்தக் கட்சி, அந்த ஆமி, இந்த ஆமி. "உங்களைக் காப்பாற்றத்தான்" என்று சொல்லாத துவக்கை நான் கண்டதில்லை. வரட்டுமா என்று கேட்ட துவக்கையும் கண்டதில்லை.

ரெஜினாவைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லு. பூட்டி வைச்சாலும் வேண்டாம், பூட்டாட்டிலும் வேண்டாம். நான் இருக்கிற வீட்டுக்குள்ள அது வரக்கூடாது எண்டு சொல்லு."

ரெஜினா மொழிபெயர்த்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கே ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்த காலத்தில் பொறுக்கிய இங்கிலிஷ்தான் என்னிடம் உண்டு. ஆனால் "ஐ" எது, "வீ" எது என்று தெரியாதா?

அவள் "வீ" என்றாள். எங்களுக்கு விருப்பமில்லை.

யூட்டுக்கும் கேட்டது. மனைவியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, திகைப்புத்தான் இருந்தது.

பொலிஸ்காரி யோசித்து முடிவு சொல்லும்படி அவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் வெடித்தான். "ரெண்டு பேரும் சேந்து என்ர மானத்தை வாங்கிப்போட்டியள். மேலாளருக்கு நான் என்ன சொல்றது?"

நான் பதிலுக்கு வாயெடுக்க, ரெஜினா முந்திவிட்டாள். சத்தம் போடவில்லை.

"இஞ்சருங்கோ, ரெண்டு பிள்ளையளும் பரீட்சை வயசில இருக்குதுகள். ஒரு நாள் மனம் உடைஞ்சு வீட்டை வருங்கள். அண்டைக்கு அது படிக்குக் கீழ இருக்கக்கூடாது."

யூட் துணி ஒன்றை எடுத்து வந்தான். மா கொட்டிய இடத்தைக் குனிந்து துடைக்கத் தொடங்கினான்.

இந்தக் கதை எங்கே நிற்கும்? வாட்ஸ்அப்பில் ஏறி அமெரிக்கா போனது. டெக்சாஸில் இருக்கிற தங்கையின் மகன் அன்ரன் சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டான். "என்ன பெரியம்மா, லண்டன்காரர் இவ்வளவு பயந்தாங்கொள்ளியளே? இஞ்ச இது எங்கட உரிமை. சட்டத்திலயே எழுதிக் கிடக்கு." கட்டில் பக்கத்து மேசை லாச்சியில், இழுத்தால் வருகிற மாதிரி, ஒன்று வைத்திருக்கிறானாம். கள்ளன் வந்தால் எடுக்க வேண்டுமே, பூட்டினால் எப்படி எடுப்பது?

ஞாயமான கேள்விதான். நானும் ஒன்று கேட்டேன்.

"கள்ளன் எப்பவாவது வந்தவனே?"

"இன்னும் இல்லை பெரியம்மா."

"அந்த லாச்சி கள்ளனுக்குத் தெரியாது, ராசா. உன்ர சின்னவனுக்குத் தெரியும்."

"அம்மாவும் இதைத்தான் சொன்னவ" என்றான். பேச்சை மாற்றி வெயிலைப் பற்றிச் சொன்னான்.

இங்கேயும் சிலர் முணுமுணுக்கிறார்கள் என்று யூட் சொல்கிறான். ஒரு துவக்குக்கு இவ்வளவு விசாரணையா, நேர்மையானவனை ஏன் வதைக்கிறீர்கள் என்று. நேர்மையானவன்தான், என் மகனைப் போல. அவன் நேர்மையில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் திறப்பை ஆணியில் கொழுவியவனும் அதே நேர்மையானவன்தானே? கெட்டவனுக்காக மட்டும் சட்டம் போட்டால், மறதிக்காரனுக்கு யார் போடுவது?

சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு அவனாகவே பொலிஸுக்குப் போன் எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறான். கிளப் துவக்கால் தட்டை உடைத்து, துவக்கை அங்கேயே கொடுத்துவிட்டு, பசியோடு வருகிறான். மேலாளர் இன்னும் முதுகில் தட்டுகிறாராம். எனக்குச் சம்மதம்.

ஒரே ஒரு யோசனை மட்டும் எனக்கு உண்டு. உலகத்தில் துவக்கு விற்கிற கடைக்காரன் ஒவ்வொருவனும், விற்பதற்கு முன்னால் வாங்க வந்தவனுடைய வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

கேட்டுப் பாருங்கள். அடுத்த மாதமே அந்தக் கடையில் காய்கறி விற்க வேண்டிவரும்.