பாக்கியமேரியின் சிவப்புப் பெயிண்ட்

பாலக்கரையில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் பாக்கியமேரி அக்காவுக்குத் தன் நிழல் மேலேயே சந்தேகம். நாற்காலி, அண்டா, கரண்டி என்று எல்லாவற்றிலும் சிவப்புப் பெயிண்டில் 'பா.மே.' என்று எழுதி வைத்திருப்பார். வாடகைக் கடைகளில் பெயர் எழுதுவது வழக்கம்தான். ஆனால் காய் நறுக்கும் பலகையில் இரண்டு பக்கமும் எழுதுகிறவர் திருச்சியிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். பக்கத்துக் கடைக்காரன் என்ற முறையில் நான் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலம் தள்ளியவன்.

கணவர் இறந்த பிறகும் அக்கா தொழிலை விடவில்லை. அதற்கு அவருடைய உழைப்பு பாதிக் காரணம் என்றால், டிரைவர் நல்லதம்பி மீதிப் பாதி. அக்காவின் பழைய லாரி நல்லதம்பியின் கைக்கு மட்டும்தான் அடங்கும். வேறு டிரைவர் யாரும் ஒரு லோடுக்கு மேல் தாங்கியதில்லை. நல்லதம்பி போய்விட்டால் தொழிலும் போய்விடும் என்பது அக்காவுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

போன ஆவணியில் லாரி கரும்புகை கக்க ஆரம்பித்தது. பால்பண்ணைப் பக்கம் மெக்கானிக் ஜமால் பாயின் ஷெட்டில் இன்ஜினை இறக்கினார்கள். பழைய வண்டியின் ஒரிஜினல் பாகங்களை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டைப் போட்டுவிடுவார்கள் என்று யாரோ அக்கா காதில் போட்டுவிட்டார்கள். உடனே பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். கழற்றிச் சாக்கில் பரப்பியிருந்த எதையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் குறி போட்டார். ஜமால் பாய் தலையில் அடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

இன்ஜினை ஏற்றி முடித்த அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சாமான் போக வேண்டியிருந்தது. நானும் துணைக்கு ஷெட்டுக்குப் போயிருந்தேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் எரிந்தது, ஹாரன் அடித்தது, இன்ஜின் மட்டும் சுற்றவே இல்லை. வேறு லாரியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்துவிடலாம், பிறகு பார்க்கலாம் என்றார் ஜமால் பாய். இழுத்துவிட்டால் திருட்டு மறைந்துபோகும் என்று அக்கா குறுக்கே வந்து நின்றார். இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரை மாற்றிவிட்டார்கள் என்பது அவர் முடிவு. மோட்டாரின் மேல் அவர் போட்ட குறியைக் காட்டியதற்கு, தன் எழுத்தைப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்றார்.

பிறகு அவர் பார்வை நல்லதம்பியின் மேல் விழுந்தது. தினமும் ஷெட்டில் கூட இருந்தவர் அவர்தானே.

"நல்லதம்பி, அந்தப் பையத் தொற."

அது சாப்பாட்டுப் பை. செல்ஃப் மோட்டார் அதற்குள் நுழையுமா என்று அக்கா ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நல்லதம்பி திறந்தார். டிபன் பாக்ஸ், துண்டு, தண்ணீர் பாட்டில். அக்கா துண்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜமால் பாய் லாரிக்கு அடியில் புகுந்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் கேபிளைக் கழற்றி வெளியே வந்து காட்டினார். அதன் இரண்டு நுனியிலும் சிவப்புப் பெயிண்ட் கெட்டியாக அப்பியிருந்தது. அதைத் தாண்டிச் செல்ஃப் மோட்டாரின் கரண்ட் எப்படிப் போகும்? உப்புத்தாளால் தேய்த்து முடுக்கியதும் முதல் திருப்பிலேயே இன்ஜின் உறுமியது. ஷெட்டே சிரித்தது. அக்காவும் வெட்கத்தோடு சிரித்தார். நல்லதம்பி மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைய லோடை அவர்தான் ஸ்ரீரங்கம் கொண்டுபோய் இறக்கினார். சாயங்காலம் திரும்பி வந்து சாவியை அக்காவின் மேஜை மேல் வைத்தார். நாளைக்குச் சமயபுரத்துக்கு லோடு இருக்கிறதே என்றார் அக்கா.

"வேற ஆளப் பாத்துக்குங்க அக்கா."

"ஏதோ கோவத்துல கேட்டுட்டேன், நல்லதம்பி."

"கோவமா இருந்தா திட்டியிருப்பீங்க. நான் தொறந்து காட்டுன பெறவும் உள்ள கைய விட்டுப் பாத்தீங்களே."

அக்கா சாவியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். அதற்குள் நல்லதம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.