அறுபத்திரண்டு சதவீதம்

நர்ஸாக நான் வீட்டில் பார்த்துக்கொள்ளும் நோயாளிக்கு லேப்டாப்தான் வாய். தொண்டையில் குழாய் வைத்திருப்பதால் பேச்சு வராது. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அசையும். அவர் தட்டுவதை லேப்டாப் சத்தமாகப் படிக்கும். குழாயில் சளி அடைத்தால் என்னைக் கூப்பிட அதிலேயே ஒரு மணி உண்டு.

அவருடைய தம்பியைப் பற்றித்தான் எழுத வந்தேன். தெருவில் அவனுக்குப் பெயர் ‘சார்ஜர்’. யார் வேண்டுமானாலும் உள்ளே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விற்கிற வகை, அண்ணனுடைய லேப்டாப். பேட்டரி எவ்வளவு மீதி, எப்போது தூங்கி எப்போது விழிப்பது என்று கவனிக்கும் ‘டிரைவர்’ என்ற மென்பொருளை அண்ணனுக்காக அவனே எழுதினான். ஏழு மாதம் சாப்பாட்டு மேசையில் பாதி அவனுடைய ஒயர்களுக்குப் போய்விட்டது. முடித்ததும் இணையத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தரை துடைக்க நான்தான் ஒயரைப் பிடுங்கினேன். திரையில் அறுபத்திரண்டு சதவீதம். திரும்பச் செருகவில்லை. பதினோரு மணிக்குப் பார்த்தேன், அதே அறுபத்திரண்டு. பரவாயில்லையே, பையன் நன்றாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். வார்டில் மூன்று மணி நேரம் ஒரே நாடித்துடிப்பை எழுதி வைத்திருந்தால் அந்த நர்ஸை நிற்கவைத்துக் கேட்டிருப்பேன். மெஷினை நான் கேட்கவில்லை.

இறங்கி வந்தால் திரை இருட்டு. அவர் உதடு நீலம்.

சளியை உறிஞ்சி எடுத்து மூச்சை மீட்டேன். அப்புறம்தான் உட்கார நாற்காலி தேடினேன்.

அடுத்த அறையிலிருந்து ஓடிவந்த தம்பி, “மணி அடிக்கலையே சிஸ்டர்!” என்றான்.

“செத்த மெஷின் எப்படிப்பா அடிக்கும்? அறுபத்திரண்டுன்னு காட்டுச்சே!”

ஒயரைச் செருகி, எதையெதையோ தட்டிப் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“மெஷின் தூங்கி எழுந்த பிறகு, பேட்டரி அளவைச் சொல்ற சிப்பு பதிலே சொல்லலை. பதில் வரலைன்னா பழைய நம்பரையே காட்டுன்னு நான்தான் எழுதி வச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“நம்பர் காணாமப் போய்ப் போய் வந்துச்சு. பாக்க அசிங்கமா இருந்துச்சு.”

கட்டிலிலிருந்து மெஷின் குரல் வந்தது: “டேய், அழகுக்காக என்னைப் போட்டுத் தள்ளப் பாத்தியே. இனிமே பதில் வரலைன்னா கத்தச் சொல்லு. அசிங்கமாவே கத்தட்டும்.”

“இப்பவே மாத்திடறேன்ணா.”

“உன் டிரைவரை எத்தனை பேர் எடுத்திருக்காங்க?”

“நானூறு பேருக்கு மேல.”

“முதல்ல அவங்களுக்குச் சொல்லுடா. அப்புறம் மாத்து.”

சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினான்: சதவீதத்தை நம்பாதீர்கள், ஒயரைப் பிடுங்காதீர்கள், தவறு என்னுடையது. பிறகுதான் டிரைவரில் கை வைத்தான்.

நேற்று மெஷின் வெறுமனே இரண்டு முறை கத்தியது. இரண்டு முறையும் ஓடினேன். தரையை இப்போது ஒயரைச் சுற்றித்தான் துடைக்கிறேன்.