ஏழாவது கட்டம்

மீரா சாகிப் வாத்தியாரின் படிப்பைப் பற்றிக் காரைக்காலில் யாரும் வாய் திறக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் ரசாயனம் படித்து முதலாவதாக வந்தவர். தனிம அட்டவணையைத் தன் கையாலேயே துணியில் எழுதி வகுப்பில் மாட்டியிருந்தார். "குறுக்க போனா அணு எண் ஒவ்வொண்ணா கூடும். மேலேருந்து கீழ வந்தா ஒரே குணம், ஒரே குடும்பம்" என்று அவர் சொன்னால் மரமண்டைக்கும் ஏறும்.

பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருஷத்தில் பாடமெல்லாம் மாறிவிட்டது. பள்ளிக்கு வந்த புது அட்டவணையோ சுருட்டியபடியே பீரோ மேல் கிடந்தது. அதிலிருந்த இங்கிலீஷ் பெயர்கள் அவர் நாக்கில் வரவில்லை. அது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கம், அவ்வளவுதான்.

கோட்டுச்சேரியிலிருந்து வரும் நீலாயதாட்சி ஒருநாள் எழுந்தாள். வாத்தியாரை 'முசே' என்று கூப்பிடும் பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. "முசே, ஏழாவது கட்டத்துல ஏ-இஸட்னு போட்டிருக்கீங்க. புது புத்தகத்துல 'என்'னு இருக்கே?"

பிரெஞ்சில் நைட்ரஜனுக்கு அசோத் என்று பெயர். அதன் முதல் இரண்டு எழுத்துதான் ஏ-இஸட். இதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மனுஷன் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? பெஞ்சு மேல ஏறு."

மணி அடிக்கும்வரை அவள் நின்றாள்.

அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் வாத்தியார் துணியைக் கழற்றி மேசைக்குள் வைத்தார். தப்பு எங்கே என்று தெரியாமலா கழற்றினார்? வந்தவர் நீலாயதாட்சியைத்தான் எழுப்பினார்.

"ஏழாம் எண் தனிமத்துக்குக் குறியீடு என்ன?"

அவள் வாத்தியாரைப் பார்த்தாள். "ஏ-இஸட்."

"யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்லீங்க. நானா தப்பா படிச்சுட்டேன்."

"புத்தகத்தைத் தொறக்கிறதே இல்லையா? ஏறி நில்லு."

வாத்தியார் வாயில் கொழுக்கட்டை. சரியாகச் சொன்னதற்கு ஒரு தரம், தப்பாகச் சொன்னதற்கு ஒரு தரம், அதே பெஞ்சு. யா ரப்பே, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று உடம்பெல்லாம் கூசியது.

இன்ஸ்பெக்டர் வெளியே போனதும், "இறங்கும்மா" என்றார்.

"அவங்க இன்னும் வராந்தாவுலதான் நிக்கிறாங்க முசே" என்றாள் அவள், இறங்காமலே.

வாத்தியார் துணியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து, "இதை எழுதினவன் நான்தாங்க. சொல்லிக்குடுத்ததும் நான்தான். அந்தப் பொண்ணுக்குச் சரியானது தெரியும்" என்றார்.

இன்ஸ்பெக்டர் துணியைப் பார்க்கவில்லை. சன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தார்.

"நான் அந்தப் பொண்ணை ஏறச் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அப்போதும் மீரா சாகிப் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.